துணுக்காய்ப் பக்கம் மூன்று மாதத் தொண்டு வேலை: ஆஸ்பத்திரி தூரம், என்ன ஆயத்தத்தோடு போகலாம்?

வாணி_கொழும்பு6

எல்லாருக்கும் வணக்கம். ஜூன் தொடக்கத்தில இருந்து ஓகஸ்ட் முடியும் வரைக்கும் நாங்கள் ஆறு பேர் வெள்ளவத்தையில இருந்து முல்லைத்தீவு மாவட்டம், துணுக்காய்ப் பக்கம் ஒரு உள்கிராமத்துக்குப் போறம். பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு, அதோட வாசிகசாலை ஒண்டைத் திருத்திற வேலை. தங்கிறது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில, தகரக் கூரை போட்ட இரண்டு அறை. கரண்ட் இருக்கு, ஆனா அடிக்கடி நிக்குமாம். மல்லாவி ஆஸ்பத்திரிக்கு 18 கிலோமீற்றர், அதில 7 கிலோமீற்றர் கிரவல் ரோட்டு. பஸ் காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு.

ஒராளுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா), பம்ப் பாவிக்கிறா. இன்னொராளுக்குச் சீனி வருத்தம், காலமை 20, இரவு 12 யூனிட் இன்சுலின் போடுறார். மற்ற நாலு பேருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. ஆறு பேரில ஒருத்தரும் மருத்துவம் படிச்ச ஆக்கள் இல்லை.

மருந்துப் பெட்டியில என்னென்ன, எவ்வளவு வைக்கோணும்? ஃபிரிட்ஜ் இல்லாத இடத்தில இன்சுலினை எப்பிடிப் பாதுகாக்கிறது? இரவில ஒராளுக்குக் கடுமையா வந்தா முதல்ல செய்ய வேண்டியது என்ன? அனுபவம் உள்ள அண்ணாமார், அக்காமார் சொல்லித் தாங்கோ.

---

வன்னித்தாதி

தங்கச்சி, பெட்டியைப் பிறகு பாப்பம். முதல்ல ரோட்டைப் பாருங்கோ. அந்தப் பக்கத்தில ஆக்கள் மோசமாகிறது மருந்து இல்லாமல் இல்லை, வெளிக்கிடப் பிந்திறதால. 18 கிலோமீற்றர் பகலில முக்கால் மணித்தியாலம். இரவில அதே ரோட்டில யானை நிக்கும், வாகனக்காரர் வர யோசிப்பினம். அதால ஒரு பழக்கத்தை வச்சுக்கொள்ளுங்கோ: ஒராளுக்குச் சுகமில்லை எண்டா, பின்னேரம் 4 மணிக்கு ஒருக்கா ஆளை வடிவாப் பாத்து முடிவெடுங்கோ. "இண்டைக்கு இரவு இது கூடினா எங்களால சமாளிக்க ஏலுமா?" ஏலாது எண்டு ஒராளுக்குச் சந்தேகம் வந்தாலும் வெளிச்சத்தோட கொண்டு போங்கோ. போய் ஒண்டும் இல்லை எண்டு திரும்பி வந்தால் நட்டம் வாகனக் கூலி மட்டும்தான்.

போய் இறங்கின முதல் நாளிலயே செய்ய வேண்டிய வேலைகள்:

ஊரில இரவில எடுக்கக்கூடிய வாகனம் யாரிட்ட இருக்கு எண்டு கேட்டு, இரண்டு பேரோட முன்னமே கதைச்சு, கூலியும் பேசி வையுங்கோ. ஒராள் ஊரில இல்லாத நாள் கட்டாயம் வரும், அதால இரண்டு பேர். ஆட்டோவை விட வான் நல்லது, ஆளைச் சரிச்சுப் படுக்க வைக்கலாம்.

1990 எண்ட இலக்கத்துக்கு அடிச்சா வாற சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், தமிழிலயும் கதைக்கலாம். வண்டி பெரும்பாலும் பொலிஸ் நிலையத்திலதான் நிக்கும். உங்களுக்குக் கிட்ட உள்ள வண்டி எந்தப் பொலிசில நிக்குது எண்டு போன உடனே விசாரியுங்கோ. அவை கேக்கிறது இடம். "பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில" எண்டால் காணாது, எந்தச் சந்தியில திரும்போணும், கோயிலா குளக்கட்டா அடையாளம் எண்டு சொல்லத் தெரியோணும். ஃபோனில வரைபடத்தைத் திறந்து, தங்குமிடத்தின்ர ஆள்கூற்று இலக்கத்தை எழுதிக் கதவில ஒட்டுங்கோ. பதகளிப்பில ஒருத்தருக்கும் ஞாபகம் வராது. கிரவல் ரோட்டில அம்புலன்ஸ் வரப் பிந்தும் எண்டால் உங்கட வாகனத்தில வெளிக்கிட்டு, தார் ரோட்டுச் சந்தியில சந்திக்கிறம் எண்டு சொல்லலாம். அரை மணித்தியாலம் மிச்சம்.

சிக்னல்: ஒரே கொம்பனி சிம்மை ஆறு பேரும் கொண்டு போகாதேங்கோ. எந்த நெட்வேர்க் எந்த மூலையில பிடிக்குது எண்டு முதல் நாளே நடந்து பாருங்கோ. ஒரு ஃபோன் எப்பவும் முழுச் சார்ஜில, பவர் பாங்க் ஒண்டு அதுக்கெண்டே தனியா.

அடுத்தது, அந்தப் பிரிவுக்குரிய மருத்துவமாதுவையும் பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவையும் போய்க் காணுங்கோ. எந்த வீட்டுக் கிணறு குடிக்க நல்லது, எந்த நாளில கிளினிக், போன மாதம் என்ன காய்ச்சல் பரவினது எல்லாம் அவைக்குத் தெரியும். கிராமத்துக்குள்ள இருக்கிற மருத்துவச் சேவை எண்டால் உண்மையில அவைதான்.

பாம்புக்கடியைப் பற்றி வேலை முடிய வந்து எழுதுறன். அது நீளும்.

---

கொட்டாஞ்சேனை_பாமசி

பெட்டியைப் பற்றி நான் சொல்கிறேன் தங்கச்சி. ஆறு பேருக்கு, மூன்று மாதத்துக்கு.

பரசிட்டமோல் 500 மில்லிகிராம், 100 குளுசை. பெரியவருக்கு ஒரு தரத்துக்கு இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால், ஒரு நாளில் 8க்கு மேல் போகக் கூடாது. மூன்று பேருக்கு மும்மூன்று நாள் காய்ச்சல் வந்தால் 72 முடிந்துவிடும், அந்தக் கணக்கில்தான் 100. தடிமனுக்கு என்று விற்கிற கலப்புக் குளுசைகளிலும் பரசிட்டமோல் இருக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கி அளவு மீறுவது அடிக்கடி நடக்கிற பிழை. கலப்புக் குளுசைகளைக் கொண்டே போக வேண்டாம்.

டைக்குளோபெனக், ஐபியூபுரோபன், அஸ்பிரின் மூன்றும் பெட்டியில் இருக்கக் கூடாது. டெங்குக் காய்ச்சலில் இரத்தப்போக்கைக் கூட்டும். அதோடு வடக்கின் உலர்வலயப் பக்கங்களில் சிறுநீரக நோயாளர் இருக்கிறார்கள். நாரிப் பிடிப்புக்கு நீங்கள் அன்போடு கொடுக்கும் ஒரு டைக்குளோபெனக் அவருடைய சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்.

ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் குடிக்கிற உப்பு, சீனிக் கரைசல் தூள்) 20 பக்கெட். இதில் நடக்கிற பிழைதான் என்னை அதிகம் கவலைப்படுத்துவது. ஒரு பக்கெட்டுக்கு ஒரு முழு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர். அரைப் பக்கெட்டைக் கண்ணளவில் பிரித்து ஒரு கிளாசில் கலக்கக் கூடாது. உப்பு கூடினால், விசேஷமாகக் குழந்தைகளுக்கு, வயிற்றோட்டம் நிற்காது, மூளையையும் பாதிக்கும். ஒரு லீற்றர்ப் போத்தல் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். கலந்ததை 24 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சினால் ஊற்ற வேண்டும். சில கொம்பனிகளின் பக்கெட் 200 மில்லிலீற்றருக்கு உரியது, வாங்கும்போதே உறையைப் படியுங்கள். ஜீவனி முடிந்துவிட்டால் ஒரு லீற்றருக்குச் சீனி 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டும் மட்டம் தட்டி. சத்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, பிறகு ஒவ்வொரு கரண்டியாக. வயிற்றோட்டத்தை நிறுத்துகிற குளுசை பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். மலத்தில் இரத்தமோ, கூடவே காய்ச்சலோ இருந்தால் பெரியவருக்கும் வேண்டாம்.

மற்றவை: ஒவ்வாமைக்கு செட்டிரிசின் 10 மில்லிகிராம் 20 குளுசை, போவிடோன் அயடீன் 100 மில்லிலீற்றர் ஒரு போத்தல், கிருமி நீக்கிய கோஸ் 30, 10 சென்ரிமீற்றர் அகலக் கிறேப் பண்டேஜ் 4, பிளாஸ்டர் சுருள் 2, கையுறை ஒரு பெட்டி, கத்தரிக்கோல், முள்ளெடுக்கும் சாமணம், டிஜிற்றல் தேர்மோமீற்றர் 2 (ஒன்று கட்டாயம் பழுதாகும்), விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கிற கருவி ஒன்று, உபரி பற்றரி. தகரக் கூரை அறையில் பெட்டியை மேல்தட்டில் வைக்காதீர்கள், மத்தியானம் அங்கே அடுப்புச் சூடு. நிலத்தோடு, வெயில் படாத சுவரோரம், எறும்பு ஏறாமல் மூடி இறுக்கிய பிளாஸ்டிக் பெட்டியில்.

வாங்குவதற்குக் கொழும்பு நகர மண்டபப் பக்கம் உள்ள அரச மருந்துக் கடை, ஒசுசல போதும், மருந்துத் துண்டோடு போங்கள்.

இன்சுலின். முதலில் கணக்கு. 20ம் 12ம் சேர்த்து நாளைக்கு 32 யூனிட். 10 மில்லிலீற்றர்க் குப்பியில் 1000 யூனிட் இருக்கும். 90 நாளைக்கு 2880, அப்படியென்றால் மூன்று குப்பி காணும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். காணாது. திறந்த குப்பியை 28 நாளில் எறிய வேண்டும், அதற்குள் 896 யூனிட்தான் போகும். ஆகவே நான்கு, உடைந்தால் என்று ஒன்று, மொத்தம் ஐந்து. ஐந்தையும் ஃபிரிட்ஜ் இல்லாத அறையில் மூன்று மாதம் வைப்பது நல்லதல்ல. அந்தத் தம்பியின் கொழும்பு கிளினிக்கில் ஒரு கடிதம் எழுதி வாங்கி, கிளினிக் கொப்பியோடு மல்லாவியில் மாதாந்தக் கிளினிக்கில் பதியச் சொல்லுங்கள். அரச ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசம். அப்போது அறையில் இருப்பது இரண்டு குப்பி மட்டும்.

அந்த இரண்டுக்கும் மண்பானை. ஒரு பெரிய பானை, அதற்குள் ஒரு சின்னப் பானை, இடையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஆற்று மணல். மணலைக் காலையும் மாலையும் நனைக்க வேண்டும். மேலே நனைத்த சாக்கு. இன்சுலினைத் தண்ணீர் புகாத சின்ன டப்பாவில் போட்டு உள்பானையில். பானை அறைக்குள் அல்ல, காற்றுப் படும் நிழலில், ஒரு பலகை மேல். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று வரண்டு வீசுகிற காலம், பானை நன்றாகக் குளிரும். மாரியில் ஈரக்காற்றில் இந்த முறை அவ்வளவு வேலை செய்யாது. உள்ளே ஒரு தேர்மோமீற்றர் வைத்து மத்தியானம் பாருங்கள், 30 பாகைக்குக் கீழே நின்றால் சரி. ஐஸ் கட்டிக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. உறைந்த இன்சுலின் திரும்ப உருகினாலும் வேலை செய்யாது, பார்வைக்கு வித்தியாசமும் தெரியாமல் போகலாம். கலங்கல் இன்சுலினை உருட்டிய பிறகும் குப்பிச் சுவரில் துணிக்கை ஒட்டி நின்றால் அதை விடுங்கள். குப்பியில் மில்லிலீற்றருக்கு 100 யூனிட் என்று இருந்தால் ஊசியிலும் 100 என்றே இருக்க வேண்டும். குளுக்கோமீற்றர்ப் பட்டியும் சூட்டில் கெடும், அதன் டப்பாவை உடனுக்குடன் மூடுங்கள்.

சீனி இறங்கினால் (வியர்வை, நடுக்கம், தடுமாறிய பேச்சு) மூன்று மட்டத் தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிஷத்தில் திரும்பப் பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு தரம், ஏறியதும் சாப்பாடு. மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், சரித்துப் படுக்க வைத்து 1990. ஆறு பேருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் சீனி இறங்கியவர் தானே தனக்கு வைத்தியம் பார்க்க மாட்டார்.

முட்டு. சல்பியூட்டமோல் பம்ப் இரண்டு. ஒன்றில் 200 அடி இருக்கும். கடும் முட்டில் ஸ்பேசரோடு (பம்புக்கும் வாய்க்கும் இடையில் பொருத்துகிற குடுவை) 4 முதல் 10 அடி, ஒவ்வொரு அடியாக, 20 நிமிஷத்துக்கு ஒருக்கால். முதல் மணித்தியாலத்திலேயே 30 அடி போய்விடலாம். எண்ணிக்கை காட்டாத பம்ப் என்றால் பாவித்த அடிகளைக் கொப்பியில் குறியுங்கள், தண்ணீரில் மிதக்க விட்டுப் பார்ப்பது பிழையான முறை. கப்ஸ்யூல் போட்டு உறிஞ்சுகிற வகை மட்டும் போதாது, கடும் முட்டில் உறிஞ்சப் பலம் வராது. ஸ்பேசர் உடைந்தால் 500 மில்லிலீற்றர்ப் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் அளவுக்கு ஓட்டை வெட்டி, ஓரத்தைப் பிளாஸ்டரால் இறுக்கிப் பாவிக்கலாம், நன்றாக வேலை செய்யும். தினமும் எடுக்கிற தடுப்புப் பம்பை "இப்ப சுகம்தானே" என்று நிறுத்த வேண்டாம். கிரவல் தூசியும் விறகுப் புகையும் அவருக்குக் கொழும்பில் இல்லாத தொல்லை. ஒரு வசனத்தை மூச்சு விடாமல் சொல்லி முடிக்க முடியவில்லை, உதடு நீலம், கருவியில் 92க்குக் கீழே: இதில் ஒன்று வந்தாலும் பம்பை அடித்துக்கொண்டே வாகனத்தில் ஏற்றுங்கள்.

---

காய்ச்சல்_வார்ட்

மேலே இருவரும் சொன்னது சரி. நான் காய்ச்சலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அங்கே நீங்கள் அதிகம் காணப்போவது அதுதான்.

நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: கொழும்பில் டெங்கு உச்சத்தில் நிற்பது தென்மேற்குப் பருவமழையோடு, மே முதல் ஜூலை வரை. நுளம்பு கடித்து 4 முதல் 10 நாளில் காய்ச்சல் வரும். ஆகவே போன முதல் பத்து நாளில் உங்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அது வெள்ளவத்தையிலிருந்து கூடவே வந்த டெங்குவாக இருக்க இடமுண்டு. "இஞ்ச இப்ப டெங்கு இல்லை" என்று ஊரார் சொல்வது உண்மையாக இருந்தாலும் உங்களுக்கு அது பொருந்தாது. அவரை முதல் ஐந்து நாளும் பகலிலும் வலைக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் அங்குள்ள நுளம்புக்கு நீங்கள் வைரசைக் கொடுத்துவிடுவீர்கள்.

காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். மூன்றாம் நாள், ஆள் எப்படி இருந்தாலும், மல்லாவிக்குப் போய் முழு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதுவரை பரசிட்டமோல் மட்டும். 50 கிலோவுக்கு மேற்பட்ட பெரியவருக்கு 24 மணித்தியாலத்தில் ஏறக்குறைய 2500 மில்லிலீற்றர் நீராகாரம்: கஞ்சி, இளநீர், ஜீவனி, பால். வெறும் தண்ணீரை மட்டும் குடிக்க வைக்க வேண்டாம். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள், சத்தியில் இரத்தம் வந்தால் பிரித்தறிய முடியாமல் போகும்.

டெங்குவில் ஆள் மோசமாவது பெரும்பாலும் காய்ச்சல் விடும்போதுதான், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். காய்ச்சல் விட்டும் ஆள் எழும்பவில்லை, சோர்ந்து கிடக்கிறார் என்றால் அது சுகமாகும் குறி அல்ல. விடாத வயிற்றுவலி, தொடர்ந்து சத்தி, முரசில் அல்லது மூக்கில் இரத்தம், கைகால் குளிர்தல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை. இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. 4 மணி முடிவு என்று வன்னித்தாதி சொன்னாரே, டெங்கு நாட்களில் அதை ஒருநாளும் தவற விடாதீர்கள்.

எலிக்காய்ச்சல்: சேற்று வயலிலோ வாய்க்காலிலோ இறங்கியிருந்தால் நினையுங்கள். கெண்டைக்காலைத் தொட முடியாத நோ, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு. இறங்கப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் கேளுங்கள். வயல் வேலை செய்வோருக்குக் கிழமைக்கு ஒருக்கால் டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம் கொடுப்பது இங்குள்ள நடைமுறை. சாப்பாட்டுக்குப் பிறகு, முழுக் கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சலோடு இடுக்கிலோ கக்கத்திலோ நோகாத கறுத்த பொருக்கு ஒன்று இருந்தால் உண்ணிக்காய்ச்சல். தேடினால்தான் காணலாம், வைத்தியருக்கு அதைக் காட்டுங்கள்.

மலேரியாவுக்கு மருந்து எடுத்துப் போக வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. உங்கள் குழுவில் யாராவது அண்மையில் ஆபிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ போய் வந்திருந்தால் மட்டும் அதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.

---

வாணி_கொழும்பு6

எல்லாருக்கும் மிக்க நன்றி. இன்சுலின் கணக்கை நாங்கள் மூண்டு குப்பி எண்டுதான் போட்டிருந்தம். இன்னும் இரண்டு கேள்வி. அமொக்சிலின் மாதிரி ஒரு அன்ரிபயோட்டிக் கொஞ்சம் வச்சிருக்கலாமா? ஊர்ச் சனம் எங்களிட்ட மருந்து கேட்டு வந்தால் என்ன செய்யிறது? வன்னித்தாதி அக்கா, பாம்புக்கடிக்குப் பாத்துக்கொண்டு இருக்கிறம்.

---

கொட்டாஞ்சேனை_பாமசி

வேண்டாம் தங்கச்சி. மருந்துத் துண்டு இல்லாமல் எந்தப் பாமசியும் கொடுக்கவும் கூடாது. மேலே எழுதிய காய்ச்சல்களைப் பாருங்கள்: டெங்குவுக்கு அன்ரிபயோட்டிக் வேலை செய்யாது, உண்ணிக்காய்ச்சலுக்கு அமொக்சிலின் வேலை செய்யாது. இரண்டு நாள் குடித்துவிட்டுப் போனால் ஆஸ்பத்திரியில் இரத்த வளர்ப்புப் பரிசோதனையும் சரியாக வராது. குழுவில் ஒருவருக்கு அவருடைய வைத்தியர் எழுதித் தந்தது என்றால் அது அவருக்கு மட்டும், அவர் பெயர் எழுதிய உறையில்.

சனம் கேட்டு வருவார்கள், அது நிச்சயம். காயம் கழுவிக் கட்டலாம், ஜீவனி கலக்கக் காட்டிக் கொடுக்கலாம், ஆஸ்பத்திரிக்கு வாகனம் பேசிக் கொடுக்கலாம். குளுசை கொடுக்க வேண்டாம். ஒரு பனடோல்தானே என்று தொடங்கினால் மூன்றாம் கிழமை பிரஷர் நோயாளி தன் கொப்பியோடு உங்கள் வாசலில் நிற்பார், கிளினிக்குக்குப் போக மாட்டார். முதல் நாளே ஆசிரியராக வந்தவர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

கர்ப்பிணி ஒருவர் இரத்தப்போக்கு, கடும் தலையிடியோடு கண் மங்கல், வலிப்பு, பிள்ளைத் துடிப்புக் குறைவு என்று வந்தால் கேள்வியே இல்லை, மருத்துவமாதுவுக்கும் 1990க்கும் ஒரே நேரத்தில் அழையுங்கள்.

---

வன்னித்தாதி

பிந்திப் போச்சு, மன்னிக்கோணும்.

பாம்பில நீங்கள் அறிய வேண்டியது இரண்டு. வயலிலயும் வரம்பிலயும் கண்ணாடி விரியன். கடிச்ச இடம் உடனே நோகும், வீங்கும், இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் பழுதாகும். மற்றது எட்டடி விரியன், இரவில வீட்டுக்குள்ள வாறது, நிலத்தில படுக்கிற ஆக்களைக் கடிக்கிறது. இதுக்குத்தான் நான் கூடப் பயப்படுறது. நோ இல்லை, வீக்கம் இல்லை, பல்லடையாளம்கூடத் தெரியாமல் இருக்கும். ஆள் திரும்பப் படுத்திடுவார். விடியப்புறம் வயித்துவலி, சத்தி, பிறகு கண்மடல் தொங்கும், விழுங்க ஏலாது, தலையைத் தூக்க ஏலாது, கடைசியா மூச்சுத் தசை நிக்கும். நிலத்தில படுத்த ஒராள் விடியக்காலமை காரணமில்லாத வயித்துவலியோட எழும்பினா, கண்மடலைப் பாருங்கோ. பாம்பைக் கண்டனீங்களோ இல்லையோ, வெளிக்கிடுங்கோ.

தடுக்கிறது லேசு. ஆறு கட்டில் கிடைக்காட்டியும், பாய்க்கு அடியில நாலு பக்கமும் செருகின நுளம்பு வலைக்குள்ள படுங்கோ. செருகாமல் தொங்க விட்ட வலை நுளம்புக்கே சரிவராது. இரவில கக்கூசுக்குப் போக ரோச்சும் மூடின சப்பாத்தும். விறகுக் கும்பியும் கல்லுக் குவியலும் அறைச் சுவரில முட்டக் கூடாது. வாசிகசாலை திருத்தேக்க பழைய ஓடு, பலகை தூக்குவியள், கையை விட முதல்ல தடியால கிளறுங்கோ.

கடிச்சா: ஆளை இருத்தி அசைய விடாதேங்கோ. மோதிரம், காப்பு, கொலுசு எல்லாத்தையும் வீங்க முதல் கழட்டுங்கோ. கடிச்ச கையையோ காலையோ முறிஞ்ச எலும்புக்குக் கட்டிற மாதிரி ஒரு மட்டையோட சேர்த்து, இறுக்காமல் கட்டுங்கோ. கயிறு கட்டிறேல்லை, கீறிறேல்லை, உறிஞ்சிறேல்லை, ஐஸ் வைக்கிறேல்லை. கடிச்ச நேரத்தை எழுதுங்கோ. பாம்பைத் துரத்தாதேங்கோ, தூரத்தில இருந்து ஃபோனில படம் எடுக்கலாம் எண்டா போதும். நடக்க விடாதேங்கோ. வான் இல்லாட்டி, நினைவா இருக்கிற ஆளை மோட்டச்சைக்கிளில நடுவில இருத்தி, பின்னால ஒராள் பிடிச்சுக்கொண்டு போகலாம். கண்மடல் தொங்கத் தொடங்கின ஆளை அப்பிடிக் கொண்டு போகக் கூடாது. நாக்கு பின்னால விழுந்து மூச்சடைக்கும், இடப்பக்கம் சரிச்சுப் படுக்க வைச்சுத்தான்.

விஷமுறிவு மருந்தைக் கையில கொண்டு போறது எண்ட யோசனையை இப்பவே விடுங்கோ. அது நாளத்தில ஏத்திறது, 10 குப்பி மட்டில தொடங்கும், ஏத்தேக்க ஒவ்வாமை வந்து பிரஷர் விழுறது கனபேருக்கு நடக்கும். ஆஸ்பத்திரியில மட்டும். இங்க பாவிக்கிறது இந்தியாவில செய்யிற மருந்து. நாகம், எட்டடி விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் உரியது. சிங்களத்தில குணகடுவா எண்டு சொல்லுற கூன்மூக்கு விரியனுக்கு அது வேலை செய்யாது, எண்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேணும்.

ஊரில விஷகடிப் பரியாரியார் இருப்பார், சனம் முதல்ல அங்கதான் கூப்பிடும். சண்டை பிடிக்காதேங்கோ. வந்த கிழமையே போய் மரியாதையாக் கண்டு கதையுங்கோ. கன பரியாரிமார் இப்ப தாங்களே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவினம்.

நாய் கடிச்சா அல்லது பிறாண்டினா, சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம், மணிக்கூடு பாத்துக் கழுவுங்கோ. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு ஒண்டும் பூசாதேங்கோ. அண்டைக்கே ஆஸ்பத்திரி. ஊசி இலவசம். தடுப்பூசி போட்ட நாய் எண்டு சொந்தக்காரர் சொன்னாலும் வைத்தியர்தான் தீர்மானிக்கோணும்.

பழைய இரும்புச் சாமான் எதையும் காட்டோரத்தில கையால தொடாதேங்கோ, ஊரார் நடக்கிற பாதையை விட்டு இறங்காதேங்கோ. மிதிவெடி எல்லாம் எடுத்து முடிஞ்சுது எண்டு நினைச்சு நடக்க ஏலாது.

---

காய்ச்சல்_வார்ட்

ஒரு சிறு திருத்தமல்ல, சேர்க்கை. எட்டடி விரியன், நாகம் போன்ற நரம்பு விஷப் பாம்புகளுக்குக் கிறேப் பண்டேஜை முழு அவயவத்துக்கும் சுற்றி அழுத்திக் கட்டும் முறையும் பரிந்துரைக்கப்படுகிறது. அது பயிற்சி வேண்டிய வேலை. இறுக்கம் குறைந்தால் பயனில்லை, கூடினால் இரத்த ஓட்டம் நிற்கும். கண்ணாடி விரியன் போன்றவற்றின் கடிக்கு அதைச் செய்தால் விஷம் ஒரே இடத்தில் தேங்கிச் சதையை அழிக்கலாம். எந்தப் பாம்பு என்று உறுதியில்லாத, பயிற்சி இல்லாத ஆட்களுக்கு வன்னித்தாதி சொன்ன மட்டைக் கட்டே பாதுகாப்பானது. பல்லடையாளம் இருந்து ஒன்றும் தெரியாவிட்டாலும் 24 மணித்தியாலம் வார்டில் இருக்க வேண்டும், "ஒண்டும் செய்யேல்லை" என்று துண்டு வெட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

---

வன்னித்தாதி

ஓம், அது சரி டொக்டர்.

தங்கச்சி, போக முதல்ல கொழும்பில செய்ய வேண்டியது: ஆறு பேரும் ஏற்பு (ரெட்டனஸ்) தடுப்பூசி கடைசியா எப்ப போட்டது எண்டு பாருங்கோ, பத்து வருஷம் தாண்டியிருந்தா ஒண்டு போடுங்கோ. செஞ்சிலுவைச் சங்கத்திலயோ சென் ஜோன்ஸ் அம்புலன்சிலயோ முதலுதவிப் பயிற்சிக்குப் பதியலாம், குறைஞ்சது இரண்டு பேர் போங்கோ. ஒராள் மட்டும் படிச்சா, அந்த ஒராளுக்கே பாம்பு கடிக்கலாம். போய்ச் சேர்ந்த முதல் சனிக்கிழமை, ஒராளை நோயாளி மாதிரிப் படுக்க வச்சு, வாகனக்காரருக்கு அழைச்சு, கதவடியில வான் வாறவரைக்கும் எத்தனை நிமிஷம் எண்டு பாருங்கோ. எரிபொருளுக்குக் காசு குடுத்திடுங்கோ. அதே ஓட்டத்தில மல்லாவி வரைக்கும் போய், இரவில திறந்திருக்கிற வாசல் எது, அவசரப் பிரிவு எந்தப் பக்கம் எண்டும் பாத்திட்டு வாங்கோ.